90 எச்பி போதும் என்றுதான் நினைத்தேன்

டெக்சஸில் ஏழு வருடம் கரையில் நின்றே தூண்டில் போட்டவன் நான். பாஸ் மீன் பிடிக்கிறவனுக்குக் கரை போதாது என்பது இரண்டாவது வருடமே தெரிந்துவிட்டது. படகு வாங்கப் பணம் சேர இன்னும் ஐந்து வருடம் ஆனது. அப்படிச் சேர்த்து வாங்கிய பாஸ் போட்டுக்கு, அதாவது பாஸ் பிடிக்கவென்றே செய்த தாழ்வான படகுக்கு, எத்தனை எச்பி (குதிரைத்திறன்) மோட்டார் வேண்டும் என்று நான் யோசித்தது மொத்தமாகப் பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிட யோசனைக்கு நான் கொடுத்த விலை 8,800 டாலர், ஒரு வசந்த காலம் முழுக்க, அப்புறம் மச்சான் வீட்டில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதை.

கண்ணில் பட்டது 18 அடி 2 அங்குல நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் படகு, 2008 மாடல். பழைய மோட்டார் செத்துப்போய், விற்றவர் அதில் 90 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றை மாட்டியிருந்தார். ஓய்வு பெற்றவர், ஒல்லியான மனிதர், தனியாகவே மீன் பிடிக்கப் போகிறவர். விலை 11,500 டாலர். அதே வாரம் ஏறக்குறைய இதே படகு, அதே வயது, 150 எச்பி மோட்டாரோடு 17,500-க்கு விற்பனைக்கு இருந்தது. ஆறாயிரம் மிச்சம் என்று மனம் துள்ளியது. ஓட்டிப் பார்க்க அவரே கூட்டிப்போனார். டேங்கில் பாதிக்கும் கீழே பெட்ரோல், மீன் தொட்டி காலி, பெட்டிகளில் ஒரு தூண்டில்கூட இல்லை. "நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று அவர் கரையில் இறங்கிக்கொண்டார். நான் ஒருவன் மட்டும் ஏறி முறுக்கினேன். மூக்கு கொஞ்சம் தூக்கியது, இறங்கியது, படகு தண்ணீரின் மேலேறி வழுக்கிக்கொண்டு பறந்தது. ஜிபிஎஸ்ஸில் 38 மைல். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டில் அதிகபட்சம் 150 எச்பி என்று போட்டிருந்ததை அன்றைக்கே பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஆனால் லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால், எட்டுப் பேர் சேர்ந்தால்தான் மேலே போகும் என்று அர்த்தமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாஸ் போட்டின் வரலாற்றைக்கூடத் துணைக்கு அழைத்தேன். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் 1948-இல் ஒட்டுப்பலகையில் ஸ்கீட்டர் படகைச் செய்தார், பாஸ் போட் என்ற சாதியே அதிலிருந்துதான் தொடங்கியது. அதை அன்றைக்குக் கிடைத்த சின்ன மோட்டார்கள் தள்ளின. இன்றைக்குப் போட்டிகளில் 250 எச்பி மாட்டுகிறார்கள் என்றால் அது பரிசுப் பணத்துக்காக ஓடுகிறவர்களின் வேலை, சனிக்கிழமை மீன்காரனுக்கு 90 தாராளம் என்று வாதம் செய்துகொண்டேன். வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் மனிதனுக்கு வக்கீல் தேவையே இல்லை.

முதல் மூன்று மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. பக்கத்தில் இருக்கும் சின்ன ஏரிகளுக்குத் தனியாகப் போவேன், வருவேன். போகப் போகச் சாமான்கள் சேர்ந்தன. மீன் பிடிக்கும்போது சத்தமில்லாமல் நகர்த்தும் சின்ன மின்மோட்டாரான டிரோலிங் மோட்டாருக்கு இரண்டு பேட்டரி, இன்ஜினுக்கு ஒன்று, ஆக மூன்று. ஈயக் குண்டுகளும் ப்ளாஸ்டிக் புழுக்களும் நிரம்பிய பெட்டிகள் ஒன்பது. நங்கூரம் ஒன்று. படகு மேலெழும்ப முன்பைவிடக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது என்று தெரிந்தது. குளிரில் இன்ஜின் சோம்பல் படுகிறது என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி கடைசியில் மச்சானும் அவர் மகனும் நியூ ஜெர்சியிலிருந்து வந்தார்கள். மனைவியின் அண்ணன், வாழ்க்கையில் தூண்டிலைத் தொட்டதில்லை. பையனுக்குப் பதினைந்து வயது, "மாமா, லேக் ஃபோர்க் போலாமா" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பாஸ் பைத்தியங்களுக்கு லேக் ஃபோர்க் ஒரு புண்ணியத்தலம். டல்லாஸுக்குக் கிழக்கே 27,000 ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. டெக்சஸ் மாநில சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992-இல் பிடிபட்டது அங்கேதான். அணை கட்டித் தேக்கிய நீர் அது. தேக்கும்போது வெட்டாமல் விட்ட மரங்கள் இன்றைக்கும் தண்ணீருக்குள் நிற்கின்றன, சில வெளியே தலை நீட்டியபடி, சில ஓர் அடி ஆழத்தில் ஒளிந்தபடி. இந்த மரங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டேன். காலையில் படகை இறக்கி முறுக்கியபோதே விஷயம் தெரிந்துவிட்டது. மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீரில் குழி தோண்டியது, அப்படியே நின்றது. இன்ஜின் கத்துகிறது, ஆர்பிஎம் 3,600-ஐத் தாண்டவில்லை, படகு மேலேறவே இல்லை. மச்சானையும் பையனையும் அணியத்துக்குப் போய்க் குந்தச் சொன்னேன். முன்பக்கம் பாரம் ஏறியதும் மூக்கு இறங்கி, முனகிக்கொண்டே ஒரு வழியாகப் படகு ஓடத் தொடங்கியது. மச்சான் சிரித்தார். "என்ன மாப்ள, தள்ளி ஸ்டார்ட் பண்ற பஸ் மாதிரி இருக்கே?" நானும் சிரித்தேன். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. ஒன்பது மைல் மேலே, ஏரியின் ஒரு கிளைக்குள் போய் நின்றோம்.

மீன் கிடைத்தது, அது வேறு கதை. பையன் பிடித்ததை உயிரோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றான், மீன் தொட்டியை நிரப்பினேன். பிற்பகல் ஒரு மணி சுமாருக்கு வடக்கு வானம் கருநீலமாக மாறியது. டெக்சஸ்காரர்கள் 'நார்தர்' என்று சொல்கிற குளிர்காற்று. அரை மணியில் வெயில் காணாமல் போய், பல் கிட்டும் குளிர் வந்து, ஏரி முழுக்க வெள்ளை நுரை. இப்போது ஒன்பது மைல் திரும்ப வேண்டும். முறுக்கினேன். மேலேறவில்லை. காலையில் செய்ததுபோல் இருவரையும் அணியத்தில் உட்கார வைக்கலாம் என்றால், அந்த அலையில் அங்கே யாரை உட்கார வைப்பது? ஒரு குலுக்கலில் தண்ணீருக்குள் போவார்கள். முழுக்க முறுக்கினால் மூக்கு தூக்கிக்கொண்டு முன்னால் ஒன்றும் தெரியவில்லை, மரங்கள் வேறு. குறைத்தால் ஆறேழு மைல் வேகத்தில் ஊர்கிறது, பாஸ் போட்டின் தாழ்வான விளிம்பு வழியாக அலை உள்ளே ஏறுகிறது. நல்ல படகு மேலெழும்பி ஓடினால் அந்தத் தூரம் இருபது நிமிட வேலை. எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளே ஏறிய தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் நிற்காமல் ஓடியது. பையன் உதடு நீலமாகி, பற்கள் அடித்துக்கொள்ள, என் மழைக்கோட்டுக்குள் சுருண்டிருந்தான். மீனையும் விட்டு, தொட்டியையும் காலி செய்யலாம் என்று எனக்கு உறைத்ததே பாதி வழிக்கு அப்புறம்தான். அந்த இருநூறு பவுண்டு குறைந்ததும் படகு கொஞ்சம் மூச்சு விட்டது.

ஓரிடத்தில் அடியில் 'டொக்' என்று ஒரு மரக்கட்டை இடித்தது. வேகம் குறைவாக இருந்ததால் பிழைத்தோம். அந்த நொடியில் இடுப்பில் மாட்டியிருந்த கில் ஸ்விட்ச் கயிற்றை, ஓட்டுகிறவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிற்றை, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமெடுத்து ஓடும்போது ஓட்டுகிறவர் இதை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் கூட்டாட்சி விதியே இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் மாட்டுங்கள். அன்றைக்கு அதை மாட்டாமல் நான் தூக்கி எறியப்பட்டிருந்தால், படகு ஓட்டத் தெரியாத இரண்டு பேரைச் சுமந்துகொண்டு அது பாட்டுக்குப் போயிருக்கும்.

கரையேறியபோது கை விறைத்து டிரெய்லர் கொக்கியை மாட்ட முடியவில்லை. பக்கத்தில் தன் படகை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து மாட்டிக்கொடுத்தார். மோட்டாரைப் பார்த்தார், குனிந்து தகட்டைப் பார்த்தார், பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "இந்தத் தகடு உச்சி எதுன்னு மட்டும்தான் சொல்லும். அடிமட்டம் எதுன்னு நீங்கதான் கணக்குப் போடணும்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். மச்சான் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்தது திட்டியதைவிட மோசம்.

அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி 20 அடிக்குக் குறைந்த, மோட்டார் பின்னால் வெளியே தொங்கும் அவுட்போர்டு படகுகளுக்கு அந்தத் தகடு கட்டாயம். எத்தனை பேர், எத்தனை பவுண்டு, எத்தனை எச்பி என்று மூன்றும் அதில் இருக்கும். எச்பி எண் எப்படி வருகிறது என்பது ரகசியமல்ல. படகின் நீளத்தையும் டிரான்சத்தின், அதாவது மோட்டார் தொங்கும் பின்சுவரின், அகலத்தையும் அடியில் அளந்து பெருக்குகிறார்கள். ஸ்டியரிங் சக்கரமும் 20 அங்குல உயர டிரான்சமும் உள்ள இந்த அளவுப் படகுக்கு, வந்த விடையை இரட்டித்து 90-ஐக் கழித்து, அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்தினால் எச்பி வந்துவிடும். என் படகு 18.2 அடி நீளம், டிரான்சம் 6.5 அடி. பெருக்கினால் 118, இரட்டித்தால் 236, கழித்தால் 146, உயர்த்தினால் 150. தகட்டில் இருந்தது அதே 150. கவனியுங்கள், இந்தக் கணக்கில் பேட்டரி இல்லை, மீன் தொட்டி இல்லை, மச்சான் இல்லை. இது படகின் அளவை மட்டும் வைத்து, இதற்கு மேல் ஆபத்து என்று போட்ட கோடு. இதற்குக் கீழே எதுவரை போகலாம் என்பதை எந்தத் தகடும் சொல்லாது.

அதனால் எடையை எழுதினேன். ஏற்கெனவே செய்திருக்க வேண்டிய வேலை, ஒரு பேப்பரும் பேனாவும் போதும். படகு வெறும் உடம்பு 1,450 பவுண்டு. மோட்டார் 360. பேட்டரி மூன்று, 180. முப்பது காலன் பெட்ரோல், காலனுக்கு ஆறு பவுண்டுக்குச் சற்று மேல், ஆக 183. டிரோலிங் மோட்டார் தாங்கியோடு 70. இருபத்தைந்து காலன் தண்ணீர் நிரம்பிய மீன் தொட்டி, காலனுக்கு 8.3 பவுண்டு, ஆக 208. சாமான்கள், நான் சத்தியம் செய்து 80 என்று நினைத்தவை, குளியலறைத் தராசில் நிறுத்தபோது 150. மூன்று மனிதர்கள் கனமான குளிர் உடைகளோடு 550. கூட்டினால் 3,151 பவுண்டு. நான் ஓட்டிப் பார்த்த அன்றைக்கு அந்தப் படகின் எடை இரண்டாயிரத்து நூறுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். அதாவது நான் சோதித்தது ஒரு படகை, வாங்கியது வேறொரு படகை.

யாராவது பாஸ் போட் வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு விஷயத்தில் வெட்கப்படாதீர்கள்: ஓட்டிப் பார்க்கப் போகும்போது நீங்கள் வழக்கமாக யாரோடு மீன் பிடிக்கப் போவீர்களோ அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆள் இல்லாவிட்டால் மணல் மூட்டை ஏற்றுங்கள். பெட்ரோலை நீங்களே காசு கொடுத்து நிரப்புங்கள், மீன் தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள். அப்புறம் முறுக்கி, படகு மேலெழும்ப எத்தனை நொடி என்று போனில் பாருங்கள். ஐந்தாறு நொடிக்குள் என்றால் நல்லது. பத்தைத் தாண்டினால் விலையைப் பேசுவதற்கு முன்னால் காரணத்தைப் பேசுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எனக்கு விற்றவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு அந்தப் படகு நிஜமாகவே போதுமானதாக இருந்தது. நான்தான் என் கேள்வியைக் கேட்கவில்லை.

சரி, வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது? முதலில் கைவைத்தது ப்ரொப்பெல்லரில். அதன் நடுக்குழலில் 21 என்று பொறித்திருந்தது. அதுதான் பிட்ச், ஒரு முழுச் சுற்றில் அது கணக்குப்படி எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பது. தனியாக, காலிப் படகில் வேகமாகப் போக ஆசைப்பட்டவர் பெரிய பிட்ச் மாட்டியிருந்தார். பாரம் ஏற்றிய படகுக்கு அது மலைப்பாதையில் வண்டியை நாலாவது கியரில் ஏற்றுகிற கதை. ஒவ்வொரு மோட்டாருக்கும் முழு முறுக்கில் எத்தனை ஆர்பிஎம்முக்கு இடையில் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருப்பார். என்னுடையதற்கு 5,000 முதல் 6,000. நானோ 3,600-இல் அதை நசுக்கிக்கொண்டிருந்தேன். முழு முறுக்கில் வரம்புக்குக் கீழேயே திணறும் இன்ஜின் சூடேறும், கரி பிடிக்கும், ஆயுள் குறையும். அவசரத்தில் 19 பிட்ச் அலுமினியம் ஒன்றை 130 டாலருக்கு வாங்கினேன். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம்தான் கூடும் என்பது வாங்கிய பிறகு படித்தது. இரண்டு அங்குலம் போதவில்லை. அடுத்து 17 பிட்ச், நாலு இதழ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 480 டாலர். ப்ரொப்பெல்லர் கடைகள் சிலவற்றில் சோதனைக்கு இரவல் தருவார்கள் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் பிறகுதான் தெரிந்துகொள்கிறவன்.

நாலு இதழ் வேலை செய்தது, பாதி. பாரத்தோடு பதினொரு நொடியில் படகு மேலேறியது, 5,200 ஆர்பிஎம், 31 மைல். ஆனால் அந்த 31 மைல் என்பது முழு முறுக்கு. கொஞ்சம் குறைத்தால் மீண்டும் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிடும். அதனால் நாள் முழுக்க மோட்டாரின் கழுத்தைப் பிடித்து நெரித்தபடியே ஓட்ட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்தவர்களுக்கு: முழு முறுக்கில் பெட்ரோல் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய அதன் எச்பியில் பத்தில் ஒரு பங்கு காலன் குடிக்கும். 90 என்றால் 9 காலன். அதில் 31 மைல் போனால் காலனுக்கு மூன்றரை மைல். சின்ன மோட்டார் சிக்கனம் என்ற என் கணக்கு அங்கேயே படுத்துவிட்டது. சரியான ப்ரொப்பெல்லர் இருக்கிற எச்பியை ஒழுங்காகச் செலவழிக்கும், இல்லாத எச்பியைக் கொண்டுவராது. உங்கள் படகு வரம்புக்கு முந்நூறு நானூறு ஆர்பிஎம் கீழே ஓடுகிறது என்றால் முதலில் ப்ரொப்பெல்லரை மாற்றிப் பாருங்கள், பிழைத்துக்கொள்வீர்கள். என்னைப் போல் அறுபது சதவீத மோட்டாரை மாட்டியிருந்தால் அதில் நிற்காது.

இந்தக் கட்டத்தில் எனக்கு எதிர்ப்பக்கப் பைத்தியம் பிடித்தது. குறைவாக வாங்கி அவமானப்பட்டவன் அடுத்த முறை அதிகமாகத்தான் வாங்குவான். பழைய டூ ஸ்ட்ரோக் 200 எச்பி ஒன்று 5,500 டாலருக்கு வந்தது. தகடு 150 என்கிறதே என்றேன். "யார் பார்க்கப் போறாங்க" என்றார் விற்கிறவர். 300 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். நல்லவேளையாக அன்று மாலை காப்பீட்டுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண்மணி கேட்ட முதல் கேள்வியே தகட்டின் போட்டோ. அதற்கு மேல் மோட்டார் இருந்தால் பாலிசி கிடையாது என்றார். பல மாநிலங்களில் தகட்டுக்கு மேல் மோட்டார் மாட்டி ஓட்டுவதே குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்த உடம்பு அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அளவுக்கு மீறிய வேகத்தில் பாஸ் போட் அடிப்பகுதியின் நடுத்தண்டு மேலேயே நின்று இடமும் வலமும் மாறி மாறி ஆடத் தொடங்கும், அந்த ஆட்டத்தைக் கைப்பழக்கம் இல்லாதவர் அடக்க முடியாது. முன்பணம் திரும்பி வரவில்லை. 300 டாலரில் தப்பித்தேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்து 115-ஆ 150-ஆ என்று யோசித்தேன். இங்கே ஒரு சுவாரசியம் உண்டு. உதாரணத்துக்கு மெர்க்குரி என்ற மோட்டார் கம்பெனியின் இப்போதைய ஃபோர் ஸ்ட்ரோக் வரிசையில் 90-ம் 115-ம் ஒரே 2.1 லிட்டர் இன்ஜின், இரண்டின் எடையும் 359 பவுண்டுதான். எடைக்குப் பயந்து 90 எடுக்கிறவர் ஒரு பவுண்டுகூட மிச்சப்படுத்துவதில்லை. 150 வேறு இன்ஜின், 3 லிட்டர், 455 பவுண்டு. அதாவது 96 பவுண்டு கூடுதலாக அமரத்தில், படகின் பின்பக்கத்தில், தொங்கும். என் எடைக் கணக்கை வைத்துப் பார்த்தால் 90-இல் ஒவ்வொரு எச்பியும் 35 பவுண்டைச் சுமந்தது. 115 என்றால் 27. 150 என்றால், அதன் கூடுதல் எடையையும் சேர்த்து, 22-க்குக் கொஞ்சம் கீழே. ஒருவரோ இருவரோ சின்ன ஏரியில் சுற்றுவதாக இருந்தால் நான் 115 எடுத்திருப்பேன், அதில் தப்பே இல்லை. எனக்கு மூன்று பேர், பெரிய ஏரி, நார்தர். 150 என்று முடிவு செய்தேன்.

மெக்கானிக் மோட்டாரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் டிரான்சத்தைப் பார்த்தார். பழைய 90-ஐ முழுக்க மேலே தூக்கி, அதன் அடிப்பாகத்தின் மேல் தன் எடையைப் போட்டு அழுத்தி, பின்சுவர் வளைகிறதா என்று கவனித்தார். போல்ட் துளைகளைச் சுற்றித் தட்டிப் பார்த்தார். உள்ளே மரம் ஊறியிருந்தால் சத்தம் மாறுமாம். பழைய படகுக்குப் பெரிய மோட்டார் மாட்டப் போகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. என்னுடையது தேறியது. கேபிள் ஸ்டியரிங்கை மாற்றி ஹைட்ராலிக் போடச் சொன்னார், முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டேன். இன்றைக்கு அதுதான் செலவழித்ததிலேயே உருப்படியானது என்று தோன்றுகிறது. மோட்டார் தண்டின் நீளம் 20 அங்குலமா என்று அளந்து உறுதிசெய்துகொண்டார். புது 150, ஸ்டியரிங், கன்ட்ரோல், மீட்டர்கள், கூலி எல்லாம் சேர்த்து 18,700 டாலர். பழைய 90-ஐ 4,800-க்கு எடுத்துக்கொண்டார்கள். மோட்டார் வந்து மாட்டி முடிய பதினொரு வாரம். பாஸ் முட்டையிடக் கரையோரம் வரும் மார்ச்சும் ஏப்ரலும் அப்படியே போயின. பழையபடி கரையில் நின்று தூண்டில் போட்டேன்.

கணக்கைக் கூட்டினால் 26,310 டாலர். ஆரம்பத்தில் 17,500-க்கு 150-ஓடு இருந்த அந்தப் படகை வாங்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும். என்னிடம் இருப்பது புது மோட்டார், அதில் இருந்தது பழையது, அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று மனைவியிடம் சொன்னேன். "நீங்க புது மோட்டார் வாங்கத்தான் கிளம்பினீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை.

ஜூனில் முதல் முறை இறக்கியபோது மோட்டாரை முறுக்காமல் அரை மணி நேரம் சும்மா மிதக்கவிட்டுப் பார்த்தேன். அமரம் ஓர் அங்குலம் கூடுதலாக அமிழ்ந்திருந்தது. ஒரு பேட்டரியை அணியத்துப் பெட்டிக்கு மாற்றியதும் சரியானது. புது இன்ஜினுக்குக் கையேடு சொல்லும் ஆரம்ப மணிநேரங்களை அடக்கமாக ஓட்டி முடித்து, அப்புறம் ஒருநாள் நண்பர்கள் இருவர், நிரம்பிய டேங்க், நிரம்பிய மீன் தொட்டி, ஒன்பது பெட்டிகள் எல்லாவற்றோடும் முறுக்கினேன். ஐந்து நொடி. முழு முறுக்கில் 5,500 ஆர்பிஎம், 48 மைல். ஆனால் அங்கே ஓட்டுவதில்லை. 3,800-இல் 32 மைல் போகிறது, மணிக்கு ஆறரை காலன் குடிக்கிறது, கழுத்தை நெரித்த 90-ஐவிடக் குறைவு.

மச்சானுக்கு அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். பையன் உடனே அடுத்த விடுமுறைக்கு வருகிறேன் என்று பதில் போட்டான். மச்சான் ஒரு நாள் கழித்து எழுதினார்: "நான் முன்னாடி போய் உட்காரணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு மாப்ள."